தொட்டி மண்ணை நாமே கலப்போம்

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)



திண்டுக்கல் என்றதும் வெளியூராருக்கு நினைவில் வருவன மலைக்கோட்டையும் பூட்டும் பிரியாணியும். உள்ளூராராகிய நமக்கோ முதலில் நினைவில் வருவது தண்ணீர்! குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இத்தகைய ஊரில் இருந்துகொண்டு தொட்டிகளில் காய்கறி வளர்ப்பதைப் பற்றி எழுதப் புகுந்தால், "குடிக்கவே தண்ணீரைக் காணோம், இதில் கத்தரிச் செடிக்கு வேறு ஊற்றவா?" என்று கேட்கத் தோன்றும். எங்கள் வீடுகளிலும் அப்படித்தான் கேட்டார்கள். அது நியாயமான கேள்வியே. அதற்கு விடை செடியில் இல்லை, மண்ணில் இருக்கிறது என்பதை ஓராண்டு பட்டு அறிந்தோம். அதைச் சொல்லவே இக்கட்டுரை. இறுதியில் ஒரு விண்ணப்பமும் உண்டு.

சென்ற ஆண்டு நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளை எங்களுக்குத் தோட்ட வேளையாக இருந்தது. எட்டுப் பேர் கொண்ட எங்கள் குழுவிற்குப் பன்னிரண்டு தொட்டிகள் கொடுக்கப்பட்டன. தொட்டிகள் என்றால் அழகிய மண் தொட்டிகள் அல்ல. பழைய எண்ணெய்த் தகரங்கள், பெயிண்ட் வாளிகள், பிடி உடைந்த பிளாஸ்டிக் வாளிகள். விளையாட்டுத் திடலின் ஓரத்தில் கடப்பாரையால் செம்மண்ணைத் தோண்டி நிரப்பினோம். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை நட்டோம். நாள்தோறும் நீர் ஊற்றினோம். மூன்றாம் வாரத்தில் மண் சிமெண்டுத் தரைபோல் இறுகிவிட்டது. ஊற்றிய நீர் மேலேயே குளம் கட்டி நின்றது. இலைகள் மஞ்சளாயின, பன்னிரண்டில் ஒன்பது செடிகள் பட்டுப்போயின.

நிலத்தில் நன்றாக விளையும் அதே செம்மண் வாளிக்குள் வந்ததும் ஏன் இப்படிப் பகையாகிறது? இதை எங்கள் அறிவியல் ஆசிரியை ஒரு ஸ்பாஞ்சைக் கொண்டு விளக்கினார். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நீரில் முழுக்கி எடுத்து, படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டும் நீர் சிறிது நேரத்தில் நின்றுவிடும். இப்போது அதையே நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மறுபடியும் நீர் சொட்டும்! உயரம் கூடினால் நீர் வடியும். உயரம் குறைந்தால் நீர் தங்கும். நிலத்தில் மண்ணின் ஆழத்திற்கு எல்லையில்லை; ஆகவே மிகுந்த நீர் கீழே இறங்கிப் போய்விடும். வாளியிலோ ஓரடி ஆழத்தில் மண் முடிந்துபோகிறது. அடியில் தேங்கும் நீர் துளை இருந்தாலும் எளிதில் வெளியேறாது. வேருக்கு நீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். காற்றில்லாமல் வேர் மூச்சு முட்டிச் சாகிறது. நாங்கள் அன்போடு ஊற்றிய நீரே செடிகளைக் கொன்றது!

அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் வடியும் என்று பலரும் சொல்வதுண்டு. அதுவும் சரியன்று. கல்லின்மேல் மண் முடியும் இடத்தில் நீர் தேங்கிவிடும். ஆகவே ஈரம் மிகுந்த பகுதி வேருக்கு இன்னும் அருகில் ஏறி வந்துவிடும். துளையின்மேல் மண் ஒழுகாமலிருக்க ஒரு ஓட்டுச்சில்லு போதும்.

இரண்டாம் முறை எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவதாக எண்ணி, கடையிலிருந்து தேங்காய் நார்த்தூள் கட்டி ஒன்று வாங்கினோம். அதை ஊறவைத்து, அன்றைக்குக் கிடைத்த பச்சைச் சாணத்தையும் சேர்த்து நிரப்பினோம். பத்தே நாளில் இலையோரங்கள் கருகின. நார்த்தூளில் உப்பு இருக்கும், அதைக் கழுவ வேண்டும் என்பதை நாங்கள் அறியவில்லை. பச்சைச் சாணம் மக்கும்போது சூடேறும், அதிலிருந்து எழும் அம்மோனியா இளவேரைச் சுடும் என்பதையும் அறியவில்லை. ஆனால் இவ்வளவும் நடந்த அதே பருவத்தில், மட்கு என்றால் என்ன என்ற ஒரு மதிப்பெண் வினாவிற்கு எங்கள் குழுவில் எட்டுப் பேரும் சரியாகவே விடை எழுதியிருந்தோம்! இதை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறோம்.

எங்களைக் கரையேற்றியவர் எங்கள் குழுத் தோழி ஒருத்தியின் அப்பத்தா. பெற்றோர் கூட்டத்தன்று பேத்தியோடு வந்தவர், எங்கள் வாளியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். "ஏந் தாயி, இது மண்ணா? சூளையில வச்சாச் செங்கல்லு ஆயிருமே!" என்று சிரித்தார். வேடசந்தூர்ப் பக்கத்தில் அவர்களுக்கு நிலம் இருந்ததாம். மூன்று முறை ஆழ்துளைக் கிணறு போட்டும் நீர் கிடைக்காமல், கடனை அடைக்க நிலத்தை விற்றுவிட்டார்கள். மகன் நூற்பாலை வேலைக்குப் போகிறார். இப்போது குடியிருப்பது வாடகை வீட்டின் மாடிப் பகுதியில். வீட்டுக்காரர் அனுமதித்தது மாடிப்படி ஓரத்தில் ஆறு தகரங்கள் மட்டுமே. அந்த ஆறு தகரங்களிலும் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று காய்த்துக்கொண்டிருக்கிறது! "நெலம் போச்சு தாயி, மண்ணு பக்குவம் கையிலதான இருக்கு" என்றார் அவர். எங்கள் தோழியோ அறிவியலில் வகுப்பின் முதல் மாணவி. ஆனால் தன் வீட்டு மாடிப்படி மண்ணைத் தொட்டுப் பார்த்ததில்லை. அன்று அவள் கண் கலங்கியதை நாங்கள் கண்டோம்.

அப்பத்தா சொன்ன பக்குவத்தையும், ஆசிரியையிடம் கேட்டறிந்தவற்றையும் சேர்த்து நாங்கள் கலந்த கலவை இதுவே. எந்தச் சட்டியால் அளந்தாலும் சரி, ஒரே சட்டியால் அளக்க வேண்டும்.

செம்மண் இரண்டு சட்டி. கழுவிய நார்த்தூள் ஒரு சட்டி. நன்கு மக்கிய உரம் ஒரு சட்டி. கருக்கிய உமி அரைச் சட்டி. இருபது லிட்டர் வாளிக்கு வேப்பம் புண்ணாக்குத் தூள் ஒரு கைப்பிடி.

ஒவ்வொன்றிற்கும் ஒரு வேலை உண்டு. செம்மண் செடியைத் தாங்கி நிறுத்துகிறது. தாதுச் சத்துகளைப் பிடித்துவைக்கிறது. நார்த்தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வேர் கேட்கும்போது கொடுக்கிறது. மக்கிய உரம் உணவு. அதோடு மண்ணை உதிரியாக வைத்திருக்கும் நுண்ணுயிர்களின் வீடும் அதுவே. கருகிய உமி மண்ணுக்குள் காற்று நடமாட வழிவிடுகிறது. வழக்கமாக நாற்றுப் பண்ணைகளில் இந்த வேலைக்கு ஆற்று மணலைச் சேர்ப்பார்கள். நம் ஆறுகளில் மணல் அள்ளியதால் நேர்ந்த கேட்டை நாம் கண்ணால் காண்கிறோம். ஒரு தக்காளிச் செடிக்காக அதில் நாமும் பங்கு பெற வேண்டாம் என்பது எங்கள் கருத்து. உமி கிடைக்காதவர்கள் செங்கல் துண்டை மிளகளவிற்கு உடைத்துச் சலித்துச் சேர்க்கலாம்.

நார்த்தூள் கட்டி 5 கிலோ வாங்கினால், ஊறியபின் ஏறத்தாழ 70 லிட்டர் அளவிற்குப் பொங்கும். அதை நீரில் ஊறவைத்துப் பிழிவதை மூன்று முறை செய்ய வேண்டும். தண்ணீர்ப் பஞ்சத்தில் இது வீணல்லவா என்று கேட்கலாம். பிழிந்த நீரைத் தென்னைக்கு ஊற்றுங்கள். தென்னை உப்பைத் தாங்கும் மரம். எங்கள் பள்ளித் தென்னைகள் அந்த நீரைக் குடித்து நன்றாகவே இருக்கின்றன. இந்த நார்த்தூள் ஒரு காலத்தில் கயிற்றுத் தொழிலின் கழிவாகச் சாலையோரம் மலைபோல் குவிந்து கிடந்தது. இன்று அது கட்டியாகி வெளிநாடுகளுக்குப் போகிறது. அங்கே அதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் 1930-களில் லாரன்ஸ், நியூவெல் என்னும் இருவர், நாற்றுகள் தொட்டிகளில் மாண்டுபோவதைக் கண்டு ஆராய்ந்து ஒரு பொதுக் கலவையை வகுத்தனர். ஏழு பங்கு மண், மூன்று பங்கு பீட் எனும் சதுப்பு நிலக் கரிமண், இரண்டு பங்கு மணல் என்பது அதன் அளவு. அக்கரிமண் உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதைத் தோண்டினால் சதுப்பு நிலம் அழியும். அதனால்தான் அவர்கள் இன்று நம் தேங்காய் மட்டையைத் தேடுகிறார்கள். நாம் அதை ஆத்தூர்ப் பக்கத் தென்னந்தோப்புகளில் கையெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறோம்!

மக்கிய உரத்திற்கு நம் சமையலறையே போதும். இந்தூரில் 1924 முதல் 1931 வரை சர் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, நம் நாட்டு உழவர்களிடம் கற்றதையும் சேர்த்து, பயிர்க் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காக இட்டுக் கிளறி மக்கச் செய்யும் இந்தூர் முறையை வகுத்தார். நாங்கள் அதையே ஒரு வாளிக்குள் சுருக்கிக்கொண்டோம். அடியிலும் பக்கங்களிலும் துளையிட்ட வாளியில் காய்ந்த இலை இரண்டு கை, காய்கறித் தோல் ஒரு கை என்று மாற்றி மாற்றி இடவேண்டும். புளித்த மோரை நீர் கலந்து தெளிக்கலாம். வாரம் ஒருமுறை கிளற வேண்டும். கையால் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசியும் ஈரமே சரியான ஈரம். நாறினால் இலை போதவில்லை என்று பொருள். அப்படியே காய்ந்து கிடந்தால் நீர் போதவில்லை. சமைத்த சோறும் எலும்பும் எலியை அழைக்கும், அவை வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில் முதல் மழையின் மண்வாசனையோடு கறுப்பாக உதிரும். மக்கிவிட்டதா என்று ஐயமிருந்தால், அதில் பத்துப் பாசிப்பயறைப் போட்டுப் பாருங்கள். நன்றாக முளைத்தால் உரம் தயார். முளை கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும். தேர்வு வைக்காமல் யாரையும் தேர்ச்சி பெறச் செய்யக்கூடாது அல்லவா!

கலவையை நிரப்பி, நீர் தெளித்து, பத்து நாள் மூடிவைத்தபின் நட்டோம். கீரைக்கு அரையடி ஆழம் போதும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு ஓரடி ஆழம் வேண்டும். காய்த்து முடிந்தபின் மண்ணைக் கொட்டிவிடாமல் வெயிலில் உலர்த்தி, கால் பங்கு புதிய உரம் சேர்த்து மறுபடியும் பயன்படுத்தினோம். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றின் நோய் மற்றொன்றைத் தொற்றும். ஆகவே அதன்பின் அதே வாளியில் கொத்தவரையோ கீரையோ போடுகிறோம். இன்னொரு நன்மையும் கண்டோம். வெறும் செம்மண் நிரப்பிய ஈரமான வாளி எங்கள் தராசில் 34 கிலோ இருந்தது. எங்கள் கலவை நிரப்பியது 23 கிலோதான். பழைய மாடி வீடுகளில் குடியிருப்போர் இதை மறக்கக்கூடாது. தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாக வைப்பதே நல்லது.

இனி முதல் கேள்விக்கு வருவோம். தண்ணீர்! முன்பு செம்மண் வாளிக்கு நாளுக்கு இருமுறை ஊற்றியும் செடி வாடியது. இப்போது காலையில் ஒரு செம்பு ஊற்றி, மேலே காய்ந்த இலையை மூடாக்காகப் பரப்பினால், கோடையிலும் மாலைவரை ஈரம் இருக்கிறது. அந்த ஒரு செம்பும் குடிநீர் அன்று; அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீர். உப்புப் போட்டு வேகவைத்த நீரையும் சோப்பு நீரையும் தவிர்க்கிறோம். சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் நீரும் தொட்டிக்கு ஆகாது. நம் ஊர் நிலத்தடி நீரின் உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கிறது. ஆக, தண்ணீர் இல்லாத ஊருக்குத் தொட்டித் தோட்டம் கூடாது என்பதைவிட, தண்ணீர் இல்லாத ஊருக்கு நல்ல மண் கலவை மிகவும் வேண்டும் என்பதே சரி என்கிறோம்.

மண்ணை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் நமக்கு ஒரு நெறி வேண்டும். விளைநிலத்தின் மேல்மண்ணை லாரியில் அள்ளி விற்பவரிடம் வாங்குவது, ஒருவர் சோற்றைப் பறித்து நம் தொட்டிக்கு இடுவதாகும். வீடு கட்ட வானம் தோண்டிய மண் நகரில் எங்கும் கிடைக்கிறது. கலவையில் சேர்த்துப் பக்குவப்படுத்தினால் அதுவே போதும். ஆனால் கழிவுநீர் ஓடிய இடத்து மண் மட்டும் வேண்டவே வேண்டாம். தோல் பதனிடும் தொழிலின் கழிவுநீரால் நம் நகரைச் சுற்றிய நிலமும் கிணறும் பட்ட பாடு பெரியோர் அறிந்ததே. உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமிழகத்தின் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி அளித்த புகழ்பெற்ற தீர்ப்பில் சுட்டப்பட்ட ஐந்து மாவட்டங்களில் நம் மாவட்டமும் ஒன்று. ஒருமுறை கெட்ட மண் திரும்புவது எளிதன்று. மண்ணை வெறும் அழுக்கு என்று எண்ணும் வரையில் அதைக் கெடுப்பதும் நமக்குப் பெரிதாகத் தோன்றாது.

நாங்கள் மிகைப்படுத்திப் பேச விரும்பவில்லை. பன்னிரண்டு வாளிகளால் ஒரு குடும்பத்தின் காய்கறிச் செலவு தீர்ந்துவிடாது. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு நாங்கள் போட்டியும் அல்ல. ஆனால் 2023-ஆம் ஆண்டு ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது புலம்பியவர்களும், விலை விழுந்து உழவர் தக்காளியைச் சாலையில் கொட்டும்போது அதைப் பாராமல் கடந்துபோகிறவர்களும் நாமே அல்லவா? ஒரு தக்காளியைக் காய்க்கவைக்க மூன்று முறை தோற்ற பிறகு, எங்களால் இனி அப்படிக் கடந்துபோக முடியவில்லை. இதுவே எங்கள் தோட்டத்தின் பெரிய விளைச்சல்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "பத்தாம் வகுப்பில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தால் மதிப்பெண் வருமா?" என்று கேட்கிறீர்கள். உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது. இவ்வாண்டு எங்கள் தோட்ட வேளை சிறப்பு வகுப்பாக மாறிவிட்டது. எங்கள் வாளிகளை ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளிடம் ஒப்படைத்துவிட்டோம். ஆயினும் கேட்கிறோம்: பாடத்தில் படித்த மட்கு, உயிரினச் சிதைவு, வேரின் சுவாசம் ஆகியவை எங்களுக்கு மனத்தில் நின்றது கரும்பலகையாலா, அந்த வாளிகளாலா? நிலம் இழந்த ஒரு பாட்டியின் கைப்பக்குவம், முதல் மதிப்பெண் பெறும் பேத்திக்கு வராமலே போனால், அக்குடும்பம் நிலத்தை இருமுறை இழந்ததாகாதா?

ஆகவே தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களைப் பணிவோடு வேண்டுகிறோம். பத்தாம் வகுப்பிற்கும் இரண்டு வாரத்திற்கு ஒரு தோட்ட வேளையாவது தாருங்கள். நம் வளாகத்து வேப்பிலைச் சருகைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கத்தை நிறுத்தி, மதிற்சுவரின் ஓரத்தில் ஒரு சருகுக் குழி அமைத்துத் தாருங்கள். நாள்தோறும் புகையாய்ப் போவது நம் தங்கைகளுக்கு மண்ணாகட்டும். பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில், மண் பக்குவம் அறிந்த பாட்டிமாரையும் அப்பத்தாக்களையும் அழைத்து, அரை மணி நேரம் எங்களுக்கு ஆசிரியராக அமர்த்துங்கள்.

தோழியரே, நீங்கள் வாடகை வீட்டில் இருக்கலாம். சொந்தமாய் ஒரு சாண் நிலமும் இல்லாதிருக்கலாம். ஒரு பழைய வாளி இருக்குமல்லவா? வரும் ஆடிப் பட்டத்திற்குள் அதில் துளையிட்டு, மண்ணைக் கலந்து வையுங்கள். எங்கள் பன்னிரண்டு வாளிகளும் இப்போது விளையாட்டுத் திடலின் கிழக்கு மூலையில் இருக்கின்றன. கலவை செய்ய முதல் பிடி மக்கிய உரம் வேண்டுவோர் தங்கைகளிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.